அம்மா கேக்காமல் வைச்ச பக்கம்

கனடாவில, டோர்செட் பார்க் அடுக்குமாடியளில வளர்ந்த என்ர வயசுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கொம்பியூட்டருக்குச் சட்டை போட்டு வைச்ச ஆக்கள் நாங்கள். பெட்டிக்கு ஒண்டு, திரைக்கு ஒண்டு, கீபோட்டுக்கு ஒண்டெண்டு எங்கட அம்மாமார் பழைய சீலையில தைச்சுப் போட்டவை. எங்கட வீட்டுச் சட்டை ஊதாப் பூப்போட்டது. பள்ளிக்கூடத்தால வந்து அதைக் கழட்டி, மடிச்சு, கதிரையில வைச்சாப் பிறகுதான் சுவிச்சில கை வைக்கலாம். மடிக்காட்டி ஏச்சு விழும்.

இப்ப எனக்கு நாற்பது தாண்டிப் போச்சு. எழுத்தைத் தூரப் பிடிச்சாத்தான் தெரியுது. உங்களுக்கும் அப்பிடித்தான் இருக்கும், மறைக்காதையுங்கோ. போன மாரியில, பனி கொட்டுற நேரம், என்ர மகன் தன்ர படங்களெல்லாம் போட்டு வைச்சிருக்கிற பழைய டிரைவ் ‘டிக், டிக்’ எண்டு சத்தம் போடத் தொடங்கிச்சு. “இட்ஸ் நத்திங் அம்மா, அது அப்பிடித்தான்” எண்டான். நான் அடுப்பை விட்டிட்டு ஓடிப்போய் வயரைப் பிடுங்கினன். அம்மாவுக்கு என்னவோ பிடிச்சிட்டுது எண்டு அவன் பயந்துபோனான்.

அந்தச் சத்தத்தைச் சின்ன வயசில ஒரு மாரி முழுக்கக் கேட்டவள் நான். அந்த மாரியைத்தான் சொல்லப்போறன். சந்தோசமான கதை இல்லை, முதலே சொல்லிப்போட்டன்.

நாங்கள் கனடாவுக்கு வரேக்க அண்ணா வரேல்லை. பள்ளிக்கூடச் சோதினையை எடுத்து முடிக்கட்டும், பிறகு ஸ்பொன்சர் செய்வம் எண்டு அப்பா முடிவெடுத்து, அவனைச் சித்தப்பாவோட விட்டிட்டு வந்தவர். சோதினை முடிய முதல் சண்டை வந்திட்டுது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ரெண்டு பேரும் வன்னிக்குள்ள போயிட்டினம். அங்கை போன் இல்லை. கடிதம் போட்டாப் போய்ச் சேருமோ, கிணத்துக்க போட்டது மாதிரியோ தெரியாது. அதால எங்களுக்கு இருந்தது ஒரு கசெற்.

ஒரே ஒரு கசெற். ஆராவது கொழும்புக்குப் போகினம் எண்டா அம்மா அதில கதைச்சுக் குடுத்துவிடுவா. அது கைமாறிக் கைமாறி அண்ணாவிட்டைப் போகும். அவன் கேட்டுப்போட்டு அதுக்கு மேலயே தன்ர குரலைப் பதிஞ்சு திருப்பி அனுப்புவான். நாங்கள் கேட்டுப்போட்டு அதுக்கு மேல மறுமொழி பதிவம். ஏன் புதுசு வாங்கி அனுப்பேல்லை எண்டு மகன் கேட்டான். எத்தினையோ தரம் அனுப்பினனாங்கள், வழியில ஆரோ எடுத்துப்போடுவாங்கள். பாவிச்ச கசெற்றை ஒருத்தரும் தொடமாட்டாங்கள் எண்டு சித்தப்பாதான் சொல்லிவிட்டவர்.

அங்கை பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒரு பொடியன் பெடலைச் சுத்த, டைனமோவில ரேப் ரெக்கோடர் ஓடும். பொடியன் களைச்சா ரேப்பும் களைக்கும். அந்த இடம் எங்கட ரெக்கோடரில வரேக்க அண்ணாவின்ர குரல் கீச்செண்டு சின்னப்பிள்ளைக் குரலாப் போகும். “டேய் மிதியடா” எண்டு கத்துவான், பிறகு ஆம்பிளைக் குரல் வரும். நான் விழுந்து விழுந்து சிரிப்பன். அம்மாவுக்குச் சிரிப்பு வராது. அவன் எப்பவும் ஒரு பக்கத்தோட நிப்பாட்டிப்போடுவான், அதில அவவுக்குப் பெரிய மனத்தாங்கல்.

“மற்றப் பக்கத்தையும் கதைச்சா இவனுக்கு வாய் தேய்ஞ்சு போயிடுமோ?” எண்டு ஒவ்வொரு முறையும் கேப்பா.

அந்த மாரிக்கு முதல் வந்த கோடையிலதான் அப்பா கொம்பியூட்டர் வாங்கினவர். பின்னேரத்தில ஒரு வகுப்புக்குப் போய்ப் படிச்சுப்போட்டு, தனக்கு எல்லாம் தெரியும் எண்டொரு நினைப்பில இருந்தார். சமையலறை வாசலோட இருந்த மேசையில அதை வைச்சது பெரிய பிழை எண்டு பிறகுதான் தெரிஞ்சது. அம்மா மிளகாய் வறுத்தா அதுவும் இருமும் எண்டு நான் பகிடி பண்ணுவன். மேல சாமிப்படம், கீழ கொம்பியூட்டர். வெள்ளிக்கிழமையளில ரெண்டுக்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டுவா அம்மா.

இனி மறுமொழி பதிய முதல் கசெற்றைக் கொம்பியூட்டரில ஏத்திப்போட்டுத்தான் அழிக்கிறது எண்டு அப்பா சொன்னார். “இனிப் பிள்ளையின்ர குரல் அழியாது” எண்டார். அதைச் சொல்லேக்க அவர்ட முகத்தில இருந்த பெருமையை நான் மறக்கேல்லை. இடம் காணாதெண்டு என்ர விளையாட்டுகளையெல்லாம் அழிச்சுப்போட்டார். எனக்குச் சரியான கோவம்.

இலை பழுத்து விழுகிற நேரம் கசெற் வந்தது. கொண்டுவந்தவர் மறுநாளே திரும்பக் கொழும்புக்கு வெளிக்கிடுறார், அவரிட்டையே மறுமொழியைக் குடுத்துவிடவேணும். அம்மாவுக்கு அண்டைக்குப் பின்னேர வேலை. சீருடையைப் போட்டுக்கொண்டே நிலத்தில இருந்து முதல் பக்கத்தைக் கேட்டா. அண்ணா சப்பாத்து அனுப்பவேண்டாம் எண்டான், இஞ்சை ஒரே சேறு, பாட்டாச் செருப்பே போதும் எண்டான். தலைமயிர் வெட்டப் பழகுறானாம், சித்தப்பாவின்ர தலையை எலி கடிச்ச மாதிரி வெட்டிப்போட்டானாம். என்னட்டை, “உங்கை பனிக்கு மணம் இருக்கோடி?” எண்டு கேட்டான். முதல் பக்கம் முடியேக்க அம்மாவுக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. கண்ணைத் துடைச்சுப்போட்டு ஓடினா.

அவ போனாப் பிறகு அப்பா ரெக்கோடருக்கும் கொம்பியூட்டருக்கும் வயரைக் கொழுவி, ஹெட்போனைக் காதில மாட்டிக்கொண்டு இருந்தார். கசெற் ஓடுற நேரம் முழுக்க ஓடவேணும், இடையில ஒண்டையும் தொடக்கூடாது, சத்தம் போடக்கூடாது எண்டு எனக்குக் கட்டளை. நான் சோபாவில படுத்துக்கொண்டு அவரைப் பார்த்தன். முதல் பக்கத்துக்குச் சிரிச்சார், தலையாட்டினார். கசெற்றைத் திருப்பிப் போட்டாப் பிறகு சிரிக்கேல்லை. கடைசி மட்டும் அசையாமல் இருந்தார். முடிஞ்சாப்போல ஹெட்போனைக் கழட்டி வைச்சிட்டுப் பல்கனிக்குப் போய்ச் சிகரெட் பத்தினார். மகனை நினைச்சு அழுறார் எண்டு நினைச்சன்.

அம்மா வேலையால வந்து சப்பாத்தும் கழட்டேல்லை. “இந்தமுறை எண்டாலும் ரெண்டு பக்கமும் கதைச்சவனோ?” எண்டா.

அப்பா அவவைப் பார்த்தார். அம்மாவின்ர கையில தொழிற்சாலைப் பிளாஸ்டர் சுத்தி இருந்தது, முகம் கறுத்துக் களைச்சுப்போய் இருந்தது.

“ஓம் ஓம். ரெண்டு பக்கமும்தான். ஆறுதலாக் கேள்” எண்டார்.

“அப்பாடா” எண்டு அம்மா அப்பிடியே வாசலில குந்தினா. அவ்வளவு சந்தோசத்தை நான் அவவில அதுக்குப் பிறகு காணேல்லை. கேக்கிறதுக்கு எங்க நேரம்? மறுமொழி பதியவேணும், அந்த ஆள் காலமை வெளிக்கிடுது. கொம்பியூட்டரில இருக்குத்தானே, எங்க போகப்போகுது எண்டுபோட்டு ரெண்டு பக்கமும் நிரப்பி அம்மா கதைச்சா. விடிய அப்பா கொண்டுபோய்க் குடுத்தார்.

அந்தக் கசெற் கொழும்பு போய்ச் சேர முதலே சித்தப்பா ஆரையோ பிடிச்சு எங்களுக்குப் போன் எடுப்பிச்சார். ஷெல். அண்ணா தண்ணி அள்ளப் போன இடத்தில. எடுத்துப் பார்க்க ஒண்டும் இருக்கேல்லையாம், அங்கையே காரியத்தை முடிச்சுப்போட்டினமாம்.

அதைப் பற்றி நான் எழுதமாட்டன். உங்களில கனபேருக்கு அப்பிடியொரு போன் வந்திருக்கும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய, வந்திருந்த மாமி, அப்பாவின்ர அக்கா, “பிள்ளையின்ர குரலை ஒருக்காப் போடுங்கோவன், எல்லாரும் கேப்பம்” எண்டா. அம்மா எழும்பிப்போய் கொம்பியூட்டருக்கு முன்னால கையை விரிச்சுக்கொண்டு நிண்டா.

“ஒருத்தரும் தொடக்கூடாது. ரெண்டாம் பக்கம் நான் இன்னும் கேக்கேல்லை. அதைக் கேட்டு முடிச்சனெண்டா என்ர பிள்ளை கதைச்சு முடிச்சிடுவான். அது கிடக்கட்டும். அவன் எனக்குச் சொல்ல இன்னும் இருக்கு.”

சனம் அழுதுது. அப்பா தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டார். திரையில ரெண்டு சின்னப் படங்கள் இருந்தது, ஒண்டு எண்டும் ரெண்டு எண்டும் அப்பா பேர் வைச்சிருந்தார். அம்மா வேலைக்குப் போக முதல் சட்டையைக் கழட்டி, கொம்பியூட்டரைப் போடச் சொல்லி, அந்த ரெண்டாவதைப் பார்ப்பா. தொடமாட்டா. பார்த்துப்போட்டுத் திரும்பச் சட்டையைப் போட்டு மூடுவா. ஆரும் விருந்தாளி வந்தா, “என்ர மகன் எனக்கு ஒரு பக்கம் முழுக்கக் கதைச்சு வைச்சிருக்கிறான்” எண்டு சொல்லுவா.

அப்பா முதல் பக்கத்தைக் கேப்பார். அவருக்கு இரவில கார்த் தரிப்பிடத்தில காவல் வேலை. காலமை வந்து, அம்மா வெளிக்கிட்டுப் போனாப் பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருப்பார். காய்ச்சலெண்டு பள்ளிக்கூடம் போகாத நாளில நான் கண்டனான். ஹெட்போனால கசிஞ்சு, சின்னனா, அண்ணா “டேய் மிதியடா” எண்டு கத்துறது எனக்குக் கேக்கும். அப்பாவின்ர வாயும் அவனோட சேர்ந்து அசையும்.

பனி கொட்டத் தொடங்கினாப் பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. முதல் நாள், சுவர்க்கடிகாரமெண்டு நினைச்சம். பிறகு திரை நீலமாப் போய் வெள்ளை எழுத்தால நிரம்பிச்சு. நிப்பாட்டிப் போட்டா வரும், பிறகு நிண்டுபோகும். அம்மா நெஞ்சில கையை வைச்சுக்கொண்டு, “என்னப்பா அது, என்னப்பா அது” எண்டு கேட்டுக்கொண்டே நிண்டா.

எங்கட தளத்தில கொம்பியூட்டர் அங்கிள் எண்டொருத்தர் இருந்தார். அவருக்குத் தெரிஞ்சதும் அப்பாவுக்குத் தெரிஞ்சதும் ஒரே அளவுதான், ஆனா அவரிட்டை ஸ்குரூ டிரைவர் பெட்டி இருந்தது. வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளுக்க இருந்து கரப்பான் குஞ்சுகள் நாலாபக்கமும் ஓடிச்சு. காத்தாடி முழுக்கத் தாளிச்ச எண்ணெயும் தூசியும் பிடிச்சுக் களி மாதிரி இருந்தது. “அன்ரி, இதுக்க நீங்கள் சமைச்சனீங்களோ?” எண்டார். அம்மா சிரிக்கேல்லை. அங்கிள் என்ர பள்ளிக்கூட அழிறப்பரை வாங்கி எதையோ தேய்ச்சார், வயரைக் கழட்டிக் கழட்டிப் போட்டார், ஹெயார் டிரையராலை சூடு காட்டினார். போட்டார். டிக், டிக், டிக். கடைசியில அந்த இரும்புப் பெட்டியைக் கையில எடுத்து, “இதுதான் ஹார்ட் டிரைவ். நோய் இதுக்குள்ளதான். எல்லாம் இதுக்கதான் எழுதியிருக்கு” எண்டார். எங்கட அண்ணா அவ்வளவு சின்னப் பெட்டிக்க இருக்கிறான் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்.

அப்பா அதைத் துவாயில சுத்தி, என்னையும் கூட்டிக்கொண்டு, ரெண்டு பஸ் மாறி மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவுக்குக் கொண்டுபோனார். சீனக்காரர் ஒருத்தர்ட திருத்திற கடை. பக்கத்தில மீன்கடை, கண்ணாடித் தொட்டியளுக்க உயிர்மீன். கடைக்காரர் வயரைக் கொழுவி, தேங்காய் பார்க்கிற மாதிரி அதைக் காதோட பிடிச்சார். கொஞ்சநேரம்தான். டக்கெண்டு கழட்டிப்போட்டார்.

அப்பாவுக்கு இங்கிலிஷ் மட்டுமட்டு. அதால நான்தான் சொன்னன். உள்ளுக்க ஒரு ஊசி இருக்காம், அது தட்டில உரசுதாம். ஒவ்வொருக்காலும் போடப் போட உரஞ்சி உரஞ்சி எழுத்தை அழிக்குமாம். இனிப் போடவே கூடாதாம். அப்பிடியே வைச்சு, தூசி இல்லாத அறை வைச்சிருக்கிற ஒரு இடத்துக்கு அனுப்பவேணுமாம்.

“அனுப்பினா எல்லாம் வருமோ எண்டு கேள்” எண்டார் அப்பா.

கேட்டன். “போடாமல் இருந்தா அநேகமா எல்லாம் வரும் எண்டுறார், அப்பா.”

“எல்லாமோ?”

“ஓம், எல்லாம்.”

அப்பா கண்ணாடிக்கு அங்கால மீன்களைப் பார்த்துக்கொண்டு நிண்டார். காசுக்குப் பயப்பிடுறார் எண்டுதான் நான் நினைச்சன். பிறகு துவாயை எடுத்துத் திரும்பச் சுத்தினார். பஸ்ஸில வரேக்க, “அம்மாவிட்டை நான் சொல்லுறன். நீ வாயைத் திறக்காதை” எண்டார்.

வீட்டை வந்து சொன்னார்: “அவ்வளவு மோசமில்லையாம். இடைக்கிடை போட்டுப் போட்டுப் பாக்கட்டாம். சூடேறினாச் சரிவருமாம்.”

நான் வாயைத் திறந்தன். அப்பா பார்த்த பார்வையில திரும்ப மூடினன். என்ர அப்பா பொய் சொல்லுவார் எண்டு எனக்கு அப்ப தெரியாது. கடையில சொன்னது இவர்ட தலைக்க ஏறேல்லை, விசர் மனுசன் எண்டு நினைச்சன். கனகாலம் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தன்.

எங்கட சனத்தைப் பற்றிச் சொல்லவேணுமே. வருத்தமெண்டாப் போய்ப் பார்க்கவேணும். பார்க்கிறதெண்டா நோயாளி எழும்பி இருந்து, தொடக்கத்தில இருந்து கதையைச் சொல்லி, காயத்தையும் திறந்து காட்டவேணும். எங்கட வீட்டில கொம்பியூட்டருக்கு வருத்தமெண்ட செய்தி கட்டிடம் முழுக்கப் பரவிச்சு. அதுக்க செத்த பிள்ளையின்ர குரல் இருக்கெண்டும் எல்லாருக்கும் தெரியும். சனம் வரத் தொடங்கிச்சு. அப்பிளும் தோடம்பழமும் கொண்டு வந்துது. ஒருத்தர் நோயாளியளுக்குக் கரைச்சுக் குடுக்கிற நெஸ்ரமோல்ட் மா டின்னோட வந்தவர், ஆருக்குக் கரைச்சுக் குடுக்கிறது எண்டு எனக்கு விளங்கேல்லை. வந்து, தேத்தண்ணி குடிச்சு, கடைசியில எல்லாரும் ஒண்டைத்தான் கேப்பினம்.

“ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ பாப்பம்.”

அப்பா போடுவார். ஒருக்காலும் மறுக்கேல்லை. சட்டையைக் கழட்டி, மடிச்சு வைச்சு, சுவிச்சைப் போடுவார். டிக், டிக், டிக். வந்தவை தலையை ஒருபக்கம் சரிச்சுக் கேப்பினம், “ச்சொச்சொச்சொ” எண்டுவினம். ஒருத்தர் பெட்டியில தட்டிப் பார்க்கச் சொல்லுவார், ஒருத்தர் பல்கனியில குளிருக்க வைக்கச் சொல்லுவார். எல்லாத்தையும் அப்பா செய்தார். அம்மா ஒவ்வொருக்காலும் பெட்டியின்ர நெத்தியில திருநீறு பூசுவா. “போடவேண்டாமெண்டெல்லே அந்தக் கடைக்காரர் சொன்னவர்” எண்டு நான் ஒருக்கா அப்பாவின்ர காதுக்க சொன்னன். “பெரியாக்களின்ர அலுவலுக்க தலை போடாதை” எண்டார். அம்மாவிட்டைச் சொல்லியிருக்கலாமே எண்டு நீங்கள் கேப்பியள். அந்த வயசில எங்கட வீடுகளில அப்பா ஒண்டு சொல்லிப்போட்டா அதுக்கு மேல ஆர் கதைச்சது?

சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு வந்தது. அம்மாவும் மாறிப்போனா. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டு நிண்டவ கரண்டியை வைச்சிட்டு, “இனி வைச்சிருக்கேலாது. அடுத்தமுறை அது எழும்பினா நான் ரெண்டாம் பக்கத்தைக் கேக்கப்போறன். கேட்டு முடிஞ்சாலும் பரவாயில்லை” எண்டா. அப்பா சாப்பிடாமல் கையைக் கழுவினார்.

அது எழும்பினது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மாமி வந்திருந்தா, கொம்பியூட்டர் அங்கிளும் நிண்டார். மாமி கேட்டதுக்காக அப்பா போட்டார். கனநாளைக்குப் பிறகு நீலம் வராமல், திரை முழுசா விரிஞ்சு, அந்த ரெண்டு படமும் தெரிஞ்சுது. ஒண்டு, ரெண்டு. அங்கிள் கை தட்டினார்.

அம்மா ஓடிப்போய் முகம் கழுவினா. சீலையை உதறிச் செருகினா. சாமிப்படத்துக்கு விளக்கேத்திக் கும்பிட்டுப்போட்டு, கதிரையில வந்து இருந்து, ஹெட்போனைத் தானே காதில மாட்டினா. அவவின்ர கொண்டைக்கு மேல அது சரியா நிக்கேல்லை, நான் பிடிச்சுச் சரிபண்ணி விட்டன். “போடுங்கோ” எண்டா.

அப்பா மவுசைப் பிடிச்சார். பிடிச்ச கையை எடுத்துப்போட்டு, சுவரில தொங்கின கலண்டரைப் பார்த்தார்.

“பொறும். ராகுகாலம்” எண்டார்.

“ஓம் ஓம்” எண்டு மாமி எழும்பினா. “ஞாயிறு பின்னேரம் ராகுகாலம்தானே. இவ்வளவு நாள் பொறுத்தனீர், இதை ராகுகாலத்தில தொடங்கக்கூடாது. கொஞ்சநேரந்தானே.”

அம்மா எங்கட எல்லார்ட முகத்தையும் பார்த்தா. ராகுகாலம் பாராமல் உப்பும் வாங்காத மனுசி அவ. மடியில கையைக் கோத்துக்கொண்டு, “சரி, முடியட்டும்” எண்டா.

“அப்பா, அது நிண்டிடும், இப்பவே போடுங்கோ!” எண்டு நான் கத்தினன்.

“குறுக்க விழாதை எண்டனான்!”

அம்மா ஹெட்போனோட இருந்தா. கொம்பியூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. நிப்பாட்டினாத் திரும்ப எழும்பாது எண்டு அங்கிள் சொன்னார், அதால ஒருத்தரும் தொடேல்லை. டிக், டிக், டிக்கெண்டு கெதிகெதியா அடிக்கத் தொடங்கிச்சு. அப்பா குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டார். என்ர வாழ்க்கையில அப்பா தேத்தண்ணி போட்டு நான் கண்டதில்லை. ஒவ்வொருத்தருக்கும் கொண்டுவந்து குடுத்தார், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டார். சீனி போடவும் மறந்துபோனார்.

பிறகு சட்டியின்ர அடியைக் கரண்டியாலை சுரண்டுற மாதிரி ஒரு சத்தம். நீளமா இழுத்துது. திரை கறுத்துப்போச்சு. அதோட டிக் டிக்கும் நிண்டுது.

அம்மாவுக்குக் காது மூடியிருந்ததால ஒண்டும் விளங்கேல்லை. எங்களைப் பார்த்து, “போட்டாச்சோ? எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே” எண்டு பலமாக் கேட்டா.

அதுக்குப் பிறகு அது எழும்பவே இல்லை. அம்மா அழுத அழுகையை நான் சொல்லமாட்டன். ஷெல் அடிச்ச செய்திக்கும் அவ அப்பிடி அழேல்லை. அப்பா ஹார்ட் டிரைவைக் கழட்டி, அந்த ஊதாப் பூச் சட்டையிலயே சுத்தி, சாமிப்படத்துக்குப் பக்கத்தில வைச்சார். ஹெட்போனை ஒரு ஆணியில கொழுவிவிட்டார். காலமையில வேலையால வந்தா, வெறும் மேசைக்கு முன்னால இருந்து தேத்தண்ணி குடிப்பார். ஒருக்கா என்னட்டை, “அண்ணாவின்ர குரல் உனக்கு ஞாபகம் இருக்கோ பிள்ளை?” எண்டு கேட்டார். நான் இன்னும் கோவத்தில இருந்தன். “நீங்கள்தானே போட்டுப் போட்டுப் பழுதாக்கினீங்கள்” எண்டன்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கினாப் பிறகு, இப்ப உதைத் திருத்தி எடுக்கிற நல்ல இடங்கள் இருக்கு, குடுத்துப் பார்ப்பமே எண்டு அப்பாவைக் கேட்டனான். அப்பிடிக் கோவம் அவருக்கு வந்து நான் கண்டதில்லை. “உதைக் கிளறாதை! கிடக்கிறபடி கிடக்கட்டும்!” எண்டு கத்தினார். அம்மா குசினிக்க நிண்டு கேட்டுக்கொண்டு நிண்டா, வெளியில வரேல்லை.

அப்பா மோசம்போய் ஒரு வருசமாகி, ஆட்டத்திவசமும் முடிஞ்சாப் பிறகு, பிக்கரிங்கில என்னோட இருக்கிற அம்மா ஒருநாள் தன்ர அறையால அந்தப் பொட்டலத்தோட வந்தா. ஊதாப் பூ வெளிறி வெள்ளையாப் போயிருந்தது.

“கொப்பர் உயிரோட இருக்குமட்டும் நான் உதைப் பற்றிக் கேக்கேல்லை. இனி உதை ஒருக்காக் காட்டிப் பார்” எண்டா.

தூசி இல்லாத அறை இருக்கிற இடமொண்டில கொண்டுபோய்க் குடுத்தன். கனகிழமை எடுத்துது. அங்கை வேலை செய்யிற பிள்ளை எனக்கு உள்ளுக்க இருந்த தட்டைப் படமெடுத்துக் காட்டினாள். கண்ணாடி மாதிரித் தட்டு, அதில வட்டம் வட்டமாக் கீறல். சத்தம் வந்தாப் பிறகும் கனதரம் போட்டிருக்கிறீங்கள்போல, ஏன் எண்டு கேட்டாள். பார்க்க ஆக்கள் வந்தவை எண்டன். அவளுக்கு விளங்கேல்லை. முதலாவது கீறலோட போச்சாம், ஒண்டும் மிச்சமில்லையாம். ரெண்டாவது மட்டும் கீறுப்படாத இடத்தில இருந்ததாலை முழுசா வந்ததாம்.

ரெண்டாவது! சந்தோசத்தில எனக்குக் கால் நிலத்தில நிக்கேல்லை. அது ஒரு சனிக்கிழமை காலமை. வீட்டை கொண்டுபோக முதல், வடிவா வேலை செய்யுதோ எண்டு பார்க்கக் காரிலயே போட்டன். முதல்ல ஒரு இரைச்சல். பிறகு குரல்.

“தம்பி, அம்மா கதைக்கிறன். சாப்பிட்டனியோ ராசா? இஞ்சை நாங்கள் சுகம். உனக்குச் சப்பாத்து வாங்கி அனுப்பட்டோ? கால் அளவைச் சொல்லு. தங்கச்சி இதில நிக்கிறாள், கதையடி எண்டா வெக்கப்படுறாள்.” பின்னால ஒரு பெட்டை கிளுக்கெண்டு சிரிக்குது. நான்தான். “வேறை என்ன தம்பி... அம்மாவுக்கு உன்ர குரல் காணாது. இந்தமுறை எண்டாலும் ரெண்டு பக்கமும் கதைச்சு அனுப்பு. ஒரு பக்கத்தோட நிப்பாட்டிப்போடாதை.”

எங்கையாவது அண்ணாவின்ர ஒரு இருமல் எண்டாலும் வருமோ எண்டு கடைசி மட்டும் கேட்டன். வரேல்லை. அவன் வழமைபோல ஒரு பக்கத்தோட நிப்பாட்டிப்போட்டான். மற்றப் பக்கத்தில அம்மா முதல் பதிஞ்சு அனுப்பினது அப்பிடியே இருந்திருக்கு. பெடல் சுத்தின பொடியன் களைச்சிட்டானோ, அம்மாவின்ர குரலை அழிக்க அவனுக்கு மனம் வரேல்லையோ, ஆருக்குத் தெரியும்.

கார்க் கண்ணாடியில பனி மூடிக்கொண்டு வந்தது. அதுக்க இருந்துகொண்டு நான் அப்பாவை நினைச்சன். ஹெட்போனோட அசையாமல் இருந்தவர். களைச்சு வந்த மனுசிக்கு ஒரு சின்னப் பொய் சொன்னார், நாளைக்கு அவவே கேட்டுச் சிரிச்சிடுவா எண்டு நினைச்சிருப்பார். நாளைக்கு வரேல்லை, போன் வந்தது. மீன்தொட்டிக்கு முன்னால, “எல்லாமோ?” எண்டு கேட்டாரே, எனக்கு இப்பதான் விளங்குது. ரெண்டாவதை மட்டும் அழிச்சிருக்கலாம். ஆனா அம்மா தினம் அதைப் பார்க்கிறவ, ஆர் அழிச்சதெண்டு கேப்பா. மெஷின் தானாச் செத்தா ஆரிலயும் பழி இல்லை. அம்மாவின்ர ரெண்டாம் பக்கம் அப்பிடியே கேக்காமல் இருக்கட்டுமெண்டு, தான் வாயசைச்சு வாயசைச்சுக் கேட்ட முதல் பக்கத்தையும் அந்த மனுசன் சேர்த்துச் சாகவிட்டிருக்கிறார். அப்பா, நீங்கள் செய்தது பிழை. சரியான பிழை. உங்களை நினைச்சு நெஞ்சு வெடிக்குது, எண்டாலும் பிழைதான். அவவிட்டைச் சொல்லியிருந்தா எங்களுக்கு அண்ணாவின்ர குரல் எண்டாலும் மிஞ்சியிருக்கும்.

சொல்லிப்போடவேணும், நான் அப்பா மாதிரிச் செய்யமாட்டன் எண்டு வழி முழுக்கச் சொல்லிச் சொல்லித்தான் கார் ஓடிக்கொண்டு போனன்.

கதவைத் திறக்க, அம்மா நேர குசினி மேசையில இருந்தா. தலை வாரி இழுத்து, முகம் கழுவி, திருநீறு பூசியிருந்தா. பேரனின்ர ஹெட்போனை வாங்கிக் கையில ஆயத்தமா வைச்சிருந்தா.

“வந்ததோ பிள்ளை?”

நான் சப்பாத்தைக் கழட்டினன். கோட்டைக் கொழுவினன். அம்மாவின்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் சுவரைப் பார்த்தன். அங்கை தமிழ்க் கடையில குடுத்த கலண்டர் தொங்கிச்சு.

“இப்ப ராகுகாலம் அம்மா. முடியட்டும்” எண்டன்.

அம்மா என்னைப் பார்த்தா.

“கொப்பரும் அண்டைக்கு உதைத்தான் சொன்னவர்” எண்டா. பிறகு ஹெட்போனை மேசையில வைச்சிட்டு, எழும்பித் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கப் போனா.